ஆறாம் வார்டுக்குப் போகாத ரிப்போர்ட்

பிங் போகிறது, பச்சை விளக்கு எரிகிறது, எங்கள் பக்கம் குறை ஒன்றும் இல்லை. நான் ஓய்வு பெற்று இத்தனை நாளுக்குப் பிறகும் இந்த மூன்று வாக்கியங்களும் நம் தொழிலில் உயிரோடுதான் இருக்கின்றன. போன மாதம் பழைய அலுவலகத்துக்கு வந்திருந்தேன். உங்களில் ஒரு தம்பி காலைத் தூக்கி மேசை மேல் போட்டுக்கொண்டு, போனில் யாரிடமோ இதையே ஒப்பித்துக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இருந்தவருக்கு என்ன அவசரமோ தெரியவில்லை, தம்பிக்கு ஒரு அவசரமும் இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களைத் திட்டுவதுதான் திட்டம். எழுத எழுதத் திட்டு வேறு ஆள் பக்கம் திரும்பிவிட்டது. அந்த ஆள் யாரென்று போகப் போகத் தெரியும்.

நான் இந்த வேலைக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில். அப்போதெல்லாம் ஒரே கேபிளில் எல்லாக் கணினிகளையும் மாலை கட்டுகிற மாதிரி வரிசையாகக் கோத்திருப்போம். ஒரு இடத்தில் கேபிள் ஆடினால் அலுவலகம் மொத்தமும் படுத்துவிடும். மேனேஜரும் படுப்பார், டைப்பிஸ்டும் படுப்பார். அதில் ஒரு நியாயம் இருந்தது. யாரும் யாரையும் பார்த்து 'உன்னால்தான்' என்று சொல்ல முடியாது. பிறகு சுவிட்ச் வந்தது, கண்ணாடி இழை வந்தது, நமக்கும் தலையில் கொம்பு முளைத்தது.

திண்டிவனத்தில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஆறு பேர், அதில் நான்தான் மூத்த இன்ஜினியர். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்து, அதைப் பராமரிக்கிற ஒப்பந்தமும் எங்களிடமே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டடம். புதுக் கட்டடத்தில் ஆறு வார்டு, வரவேற்பு, சர்வர் அறை எல்லாம். பழைய கட்டடத்தில் ரத்தப் பரிசோதனை லேப்பும் ஸ்டோரும் மட்டும். ஸ்டோர்காரர் கம்ப்யூட்டரைத் தூசு படாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். ஆகப் பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்குப் போய் வருகிற சமாசாரம் எல்லாமே லேப்பினுடையதுதான்.

இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து. சந்துக்கு அடியில் குழாய் போட்டு நான்கு இழை இழுத்திருந்தேன். நான்கையும் இரண்டு பக்கத்துச் சுவிட்சிலும் செருகி, நான்கும் சேர்ந்து ஒரே பாதை என்று சுவிட்சுக்குச் சொல்லி வைத்தேன். ஆஸ்பத்திரி மேனேஜரிடம், "நாலு வழிச்சாலை மாதிரி சார், ஒண்ணு போனா மூணு இருக்கு. என்னிக்கும் நிக்காது" என்று பீற்றிக்கொண்டேன். நாற்கரச் சாலை நம் ஊரைக் கடந்து போகிற பெருமையில் இருந்தவர், தலையை ஆட்டினார்.

அந்தப் பீற்றலில் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். ஒன்று, நாற்கரச் சாலையில் வண்டி தடம் மாறலாம், இங்கே மாறாது. எந்தக் கணினி எந்தக் கணினியோடு பேசுகிறது என்று பார்த்து, அந்த ஜோடிக்கு ஒரு இழையைச் சுவிட்ச் ஒதுக்கிவிடும். அப்புறம் அந்த ஜோடி பேசுவதெல்லாம் அந்த இழை வழியாகத்தான். இரண்டாவது, ஒரு இழை முழுசாகச் செத்தால் சுவிட்ச் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மற்ற மூன்றை வைத்துச் சமாளிக்கும். ஆனால் குற்றுயிராகக் கிடந்தால், விளக்கு பச்சையாக இருக்கிறவரை, அதற்கும் வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும். இது எனக்குத் தெரியாததில்லை. பாடம் நடத்தச் சொன்னால் மணிக்கணக்கில் நடத்தியிருப்பேன்.

லேப்பில் ரிப்போர்ட் அடிக்கிறவள் அமுதா. இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் ஒரு கிராமம், தினமும் பஸ். அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். ரத்தத்தைப் பரிசோதித்து, முடிவை அடித்து, எந்த வார்டோ அந்த வார்டுக் கணினிக்கு அனுப்ப வேண்டும். அதுதான் வேலை.

ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு மேனேஜர் கூப்பிட்டார். லேப் ரிப்போர்ட் வார்டுக்குப் போய்ச் சேரவில்லை, பாதியில் நிற்கிறது என்றார். நான் விழுப்புரம் போய் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கிக் கொறித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அவ்வளவு நிதானம். லேப்பில் என் லேப்டாப்பைச் செருகி, சர்வருக்குப் பிங் அடித்தேன். இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கிறேன் என்கிற அதே பதில். ஒன்றுகூடத் தவறவில்லை.

"நல்லாத்தானே இருக்குது" என்றேன்.

"எல்லாத்துக்கும் நிக்கறதில்ல சார்" என்றாள் அமுதா. "மூணாம் வார்டும் அஞ்சாம் வார்டும்தான் நிக்குது. மத்தது போவுது. நான் எழுதி வெச்சிக்கினு வர்றேன், பாருங்க."

நாற்பது பக்க நோட்டு ஒன்றை நீட்டினாள். நேரம், வார்டு, போச்சா நின்னுச்சா என்று கோடு போட்டு எழுதியிருந்தது. நான் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா. நீ அனுப்பற பட்டன ஒரு வாட்டி அமுக்கிட்டு கம்முனு இரு. பத்து வாட்டி அமுக்கனா அது நிக்காம இன்னா பண்ணும்?"

அவள் பத்து தடவை அமுக்கினாள் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. என் வாய்க்கு வந்தது, சொன்னேன். அவள் நோட்டை மூடி வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் மறுபடியும் போன். இந்தத் தடவை மேனேஜரே துப்பறிய இறங்கியிருந்தார். முதலில் அவள் கம்ப்யூட்டரோடு அவளை லேப்பின் அடுத்த மூலைக்கு மாற்றிப் பார்த்தார், அங்கேயும் நின்றது. அடுத்து வரவேற்பில் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை லேப்புக்கும், அமுதாவுடையதை வரவேற்புக்கும் மாற்றினார். வரவேற்புக்குப் போன அமுதாவின் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. லேப்புக்கு வந்த நல்ல கம்ப்யூட்டர் அன்றைக்கே நின்றது.

"பாத்தீங்களா சார்" என்றார் மேனேஜர், கேஸைக் கண்டுபிடித்த இன்ஸ்பெக்டர் தோரணையில். "எடம் மாத்தியாச்சு, மிஷின் மாத்தியாச்சு. மாத்தாதது ஆளு மட்டும்தான். அது கை பட்டாலே நிக்குது. ராசி இல்லாத கை சார் அது. ஆயுத பூஜை அன்னிக்குக்கூட எல்லாரும் வந்து கும்புட்டாங்க. அது மட்டும் வரல. ஏன் வரலன்னு கேட்டா அவசர சாம்பிள் ஓடிக்கினு இருந்துச்சாம்."

ஞாயிற்றுக்கிழமை லேப்புக்கு வருகிற மாற்று ஆளுக்கு ஒரு குறையும் வருவதில்லை என்பது அவருடைய அடுத்த ஆதாரம். மாற்று ஆள் கம்ப்யூட்டரையே தொடுவதில்லை, எல்லாவற்றையும் கையால் எழுதிக் கொடுத்துவிடுகிறார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ராசி என்ற வார்த்தையைக் கேட்டு நான் மனசுக்குள் சிரித்தேன். படித்தவன் இல்லையா. சிரித்துவிட்டு என்ன செய்தேன் என்று கேளுங்கள். சர்வர் அறைக்குப் போய் நான்கு பச்சை விளக்கையும் பார்த்தேன். நான்கு இழைக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு கணக்கைச் சுவிட்ச் காட்டும். அதில் பிழை கொஞ்சமாகத் தெரிந்தது, ஆயிரத்தில் ஏதோ சில. இதெல்லாம் எந்த ஊரிலும் இருப்பதுதான் என்று விட்டுவிட்டேன். தனித்தனி இழையின் கணக்கைப் பார்க்க இன்னும் ஒரு வரி தட்ட வேண்டும். தட்டவில்லை. மேனேஜர் டீ சொல்லியிருந்தார்.

டீயைக் குடித்துவிட்டு, எங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். 'நெட்வொர்க்கில் குறை எதுவும் இல்லை. பயனர் கையாளும் முறையில் பிழை.' கீழே என் கையெழுத்து, கம்பெனி சீல். மேனேஜர் ராசி என்று வாயால் சொன்னதை நான் தொழில்நுட்ப பாஷையில் எழுதி முத்திரை குத்தினேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். மேனேஜருடையது காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்டது. கூடவே டெங்கு. வார்டு முழுக்கக் காய்ச்சல்காரர்கள். ரத்தத் தட்டணுக்கள் எத்தனை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். எண்ணிக்கை இறங்குவது டாக்டருக்கு உடனே தெரியாவிட்டால் ஆள் கையை விட்டுப் போய்விடலாம். இந்த நேரத்தில் அமுதா என்ன செய்தாள் என்றால், ரிப்போர்ட் நின்ற ஒவ்வொரு தடவையும் அதைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, சந்து தாண்டி, மாடி ஏறி, வார்டு சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். மழையில் சீட்டு நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தாள். அவள் நனைந்தாள்.

அனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு எண்ணிக்கை மடமடவென்று இறங்கிய அன்றைக்கும் ரிப்போர்ட் ஆறாம் வார்டுக்குப் போகவில்லை. வார்டுக் கணினியில் காலையில் பார்த்த நல்ல எண்ணிக்கையே நின்றிருந்தது. அமுதா சீட்டோடு ஓடியதால் குழந்தை பிழைத்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் பேச்சு எப்படி ஓடியது தெரியுமா? 'கம்ப்யூட்டர் தெரியாம சீட்ட தூக்கிக்கினு ஓடுது. இப்படி ஒரு ஆள வெச்சிக்கினு இருந்தா என்னிக்காவது ஒரு உசுரு போவும்.' ஓடினதால்தான் உசுரு போகவில்லை என்று ஒரு வாய்கூடப் பேசவில்லை.

மேனேஜர் எனக்குப் போன் போட்டார். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் முன்னால் மீட்டிங். அமுதாவை வேலையை விட்டு அனுப்புவதாக முடிவு. பெரிய டாக்டர் எதையும் காதால் கேட்டால்தான் நம்புவார், அதனால் என் அறிக்கையை நானே நேரில் வந்து ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்றார்.

சனிக்கிழமை பஸ் வழியில் எங்கும் மாட்டாமல் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டது. பத்து மணிக்கே ஆஸ்பத்திரியில் இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒதுங்க இடம் தேடி லேப்புக்குள் போனேன், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை. அமுதா தலை நிமிர்ந்து பார்த்தாள். தனக்கு இன்றைக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுந்திருக்கவும் இல்லை, வணக்கம் சொல்லவும் இல்லை.

"ஒரு நிமிஷம் இப்டி உக்காருங்க சார்" என்றாள். "இதோ ரெண்டு ரிப்போர்ட் இருக்குது. ஒண்ணு ரெண்டாம் வார்டு, ஒண்ணு ஆறாம் வார்டு. ரெண்டாவது போவும். ஆறாவது நிக்கும். பாருங்க."

ஒரு தடவை அமுக்கினாள். இரண்டாம் வார்டுக்குப் போனது. இன்னொரு தடவை அமுக்கினாள். ஆறாம் வார்டு சுற்றிச் சுற்றி நின்றது.

"நீங்க அமுக்குங்க சார்."

அமுக்கினேன். நின்றது. என் கைக்கும் ராசி இல்லை.

"முன்ன மூணும் அஞ்சும் நின்னுச்சு இல்ல சார், அது இப்ப ஒண்ணும் பண்றதில்ல. இந்தக் கம்ப்யூட்டர மாத்திக் குடுத்தாங்களே, அன்னிலேர்ந்து ஒண்ணாவதும் ஆறாவதும் நிக்குது. எல்லாருகிட்டயும் சொல்லிக்கினுதான் இருக்கேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கல." சீட்டு எழுதிக்கொண்டே பேசினாள். எழுதி முடித்துக் கவரில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, தூறலில் இறங்கி ஓடினாள். நோட்டு மேசை மேல் இருந்தது.

கையாளத் தெரியாதவருக்கு எது போகும் எது நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல வராது, தம்பிகளே. நோட்டை எடுத்தேன். பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்து. பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை மூன்றும் ஐந்தும், புதுசு வந்ததிலிருந்து ஒன்றும் ஆறும். சில நேரம் நாலைந்து முயற்சிக்குப் பிறகு போனதையும் விடாமல் எழுதியிருந்தாள். ஆள் ஒன்றுதான். மாறியது ஜோடி. நான்கு இழையில் ஒன்று குற்றுயிராகக் கிடக்கிறது, எந்த ஜோடி அதில் மாட்டுகிறதோ அது நிற்கிறது என்று அந்த நோட்டு ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. என் லேப்டாப் நல்ல இழையில் மாட்டியிருக்கிறது, பிங் போயிருக்கிறது. சின்னக் கேள்வி எப்படியாவது தப்பித்துப் போகும், பெரிய ரிப்போர்ட்தான் சிக்கிக்கொள்ளும் என்பது வேறு. நோட்டின் முதல் வரியைப் பார்த்தேன். ஆயுத பூஜை அன்று.

அதற்கு முதல் நாள் இங்கே வந்து போனது யார் என்று எனக்குத் தெரியும்.

சர்வர் அறைக்குப் போனேன். போன தடவை தட்டாத அந்த ஒரு வரியைத் தட்டினேன். முதல் இழையில் பிழை பூஜ்யம், இரண்டாவதில் பூஜ்யம், நான்காவதில் பூஜ்யம். மூன்றாவதில் திரை கொள்ளாத எண். அந்த இழையின் நுனியைச் சுவிட்சிலிருந்து உருவி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். செருகியின் விளிம்பில் ஒரு துளி சிவப்பு ஒட்டியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்த அறைக்கு வந்தவன் நான். வருஷம் ஒரு தடவை கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைப்பது நம் கம்பெனி வழக்கம், உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு இழையாக உருவி, தூசு துடைத்து, அந்தந்தப் பொந்துக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து, திரும்பச் செருகினேன். பக்திதான். பொட்டு வைத்த விரலைத் துடைக்காமல் அதே விரலால் இழையின் நுனியைப் பிடித்திருக்கிறேன். தலைமுடியைவிட மெல்லிசாக வெளிச்சம் போகிற இடம் அது. உங்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், நுனியைத் தொடாதே, தொடாதே என்று.

மணி பத்தே முக்கால். திண்டிவனத்தில் எங்கள் முதலாளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"தொடச்சிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"ஜல்தியா தொடச்சி சொருவிட்டு மீட்டிங்ல போய் உக்காரு. அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். நாமதான் கெடுத்தோம்னு நம்ம வாயாலயே சொல்லிட்டா அதோட பேஜாரு."

"அந்தப் பொண்ணு வேலை போயிடுங்க."

"அது இன்னிக்குப் போவுது, நாளைக்கு வேற லேப்ல சேந்துடும். ரிப்போர்ட்டு ஒழுங்கா போவ ஆரம்பிச்சிதுன்னா ஆள மாத்தனதுல சரியாச்சுன்னு அவங்களே நெனச்சிப்பாங்க. நீ எதுக்குப் பேசற?"

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குத் தெரிந்தவர், சொன்னது அத்தனையும் நடக்கக்கூடியது. அதுதான் பயமாக இருந்தது. கைக்குட்டையால் ஒரு இழுப்பு போதும். கோளாறும் போய்விடும், சாட்சியும் போய்விடும். அமுதா ராசி இல்லாதவள் என்பது மட்டும் நிலைத்துவிடும். அவள் போன மறுநாளிலிருந்து ரிப்போர்ட் எல்லாம் ஓடினால், அதைவிட வேறு நிரூபணம் யாருக்கு வேண்டும்? திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் அந்தப் பேரோடுதான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த லேப்புக்கும் அந்தப் பேர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

உடனே நெஞ்சை நிமிர்த்தி முடிவெடுத்தேன் என்று புளுக மாட்டேன். கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகச் சந்துப் பக்கம் பார்த்தேன். வெறும் கையோடு அமுதா லேப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, தேங்கின தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்தாள். வேலை போகப் போவது தெரிந்தும் அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். எனக்கு அசிங்கமாக இருந்தது. கைக்குட்டையைப் பைக்குள் போட்டேன், இழையை இருந்தபடியே அழுக்கோடு செருகினேன், மேனேஜர் அறைக்குப் போனேன்.

"மீட்டிங் இங்க வேணாங்க. பெரிய டாக்டர சர்வர் ரூமுக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

மேனேஜருக்கு முகம் கோணியது. ஆனாலும் பெரிய டாக்டர் வந்தார், அறுபது வயதைத் தாண்டிய அறுவை சிகிச்சைக்காரர், அதிகம் பேசாதவர். அமுதாவுக்கு லேப்பில் போன் போட்டு ஆறாம் வார்டுக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பச் சொன்னேன். "நிக்குது சார்" என்றாள். பெரிய டாக்டர் முன்னாலேயே மூன்றாவது இழையை உருவி, நுனியை ஒரு வெள்ளைத் துணியில் அழுத்தித் துடைத்தேன். துணியில் சிவப்புக் கோடு விழுந்தது. திரும்பச் செருகிவிட்டு மறுபடியும் அனுப்பச் சொன்னேன்.

"போயிடுச்சு சார்" என்றாள்.

"இது என்ன?" என்று துணியைக் காட்டிக் கேட்டார் பெரிய டாக்டர்.

"குங்குமங்க."

மேனேஜர் பாய்ந்தார். "அப்ப சாமிக்கு வெச்ச குங்குமத்த குத்தம் சொல்றீங்களா?"

"குங்குமத்துமேல குத்தம் இல்லைங்க. வெச்ச விரலத் தொடைக்காம இதப் புடிச்சதுதான் குத்தம். அந்த விரல் என்னுது. அந்தப் பொண்ணுமேல தப்பு இல்ல. நான் எழுதிக் குடுத்த பேப்பர் பொய்."

பெரிய டாக்டர் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கையக் கழுவாம ஆபரேஷன் பண்ணிட்டு, காயம் சீழ் புடிச்சதுக்கு நோயாளியத் திட்டிக்கினு இருந்திருக்கீங்க. ஒரு மாசமா" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் அதைவிடச் சரியாகப் பேசியதில்லை.

அமுதாவின் வேலை போகவில்லை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "சரி சரி, போய் வேலையப் பாரும்மா" என்றாராம், அவர்தான் மன்னித்துவிட்ட மாதிரி. ஒப்பந்தம் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போனது. முதலாளி என்னோடு கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதையெல்லாம் தியாகம் என்று நான் சொல்லவில்லை. நான் கிழித்ததை நான் தைத்தேன், அதுவும் ஒரு மாதம் கழித்து, அதுவும் மழைக்கு ஒதுங்கினதால்.

தனித்தனி இழையின் கணக்கைப் பாருங்கள், அவதிப்படுகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து சோதியுங்கள், நுனியைத் துடைக்கும் முன் இன்னொருவருக்குக் காட்டுங்கள் என்றெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. கையேட்டிலேயே இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது. 'பயனர் பிழை' என்று எழுதப் பேனாவை எடுக்கிறபோது மட்டும், அந்தப் பயனர் யார், ஊரில் அவருக்காகப் பேச ஆள் இருக்கிறதா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். அதே குறையைப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தால் நான் முதல் நாளே அந்த ஒரு வரியைத் தட்டியிருப்பேன். டீ ஆறியிருந்தாலும் தட்டியிருப்பேன்.

அன்றைக்கு ஊர் திரும்புவதற்கு முன்னால் லேப்புக்குப் போனேன். நின்றுகொண்டே, "தப்பு என்னுதும்மா. நீங்க எழுதி வெச்சது எல்லாமே சரி. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவள் அழவில்லை, பரவாயில்லை சார் என்றும் சொல்லவில்லை.

"அன்னிக்கு என்னப் பத்தி வாயால சொல்லிட்டுப் போவலியே சார், பேப்பர்ல எழுதித்தான குடுத்தீங்க" என்றாள். நோட்டைத் திறந்து, பேனாவை அதன் மேல் வைத்து என் பக்கம் தள்ளினாள். "இதுலயும் எழுதுங்க."

எழுதினேன். கோளாறு மூன்றாவது இழையில் இருந்தது, அதற்குக் காரணம் நான், அமுதாவின் வேலையில் பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன். வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"எத்தினி நாளான்னு எழுதலியே."

'ஆயுத பூஜை முதல் இன்று வரை' என்று சேர்த்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு நோட்டை மூடினாள்.

அப்போது போன் அடித்தது. ஆறாம் வார்டு சிஸ்டர், ரிப்போர்ட் கேட்டார். ஒரு மாதப் பழக்கத்தில் அமுதாவின் கால் மேசைக்கடியில் செருப்பைத் தேடிப் போய்விட்டது. பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அனுப்பிட்டேன் சிஸ்டர்" என்றாள், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி. "வந்திருக்கும், பாருங்க."